புத்தளத்துக்கு வந்த ஷீராஸ் ஞானி

1990ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில் நான் புத்தளத்துக்குச் சென்றது சரித்திரம் தேடி அன்று. அப்போது நான் பணியாற்றிய நாளேட்டுக்காக, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தங்கியிருந்த கொட்டில்களைப் பார்த்து எழுதச் சென்றேன். முந்திய மாதத்தின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, பிறந்த மண்ணிலிருந்து விரட்டியிருந்தனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்ப் பக்கத்தவர் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். தமிழன் என்ற முறையில் அந்தக் கிடுகுக் கொட்டில்களுக்குள் குனிந்து நுழைய எனக்கு முகமில்லை. நுழைந்தபின் கிடைத்ததோ பிளேன் ரீயும் அமர்வதற்கு ஒரு பாயும்.

அங்கே எருக்கலம்பிட்டியிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவரைக் கண்டேன். முந்தானை முனையில் ஒரு வெள்ளைத் துணித்துண்டு, அதற்குள் முடிந்த ஒரு காசு. என்னவென்று கேட்டேன். "கடலில வரக்குள்ள, புள்ளையள் கரை சேரணும் எண்டு முகியித்தீன் ஆண்டவருக்கு நேந்து முடிஞ்சது மகன். இஞ்ச பெரிய பள்ளியில கொண்டுபோய்ப் போடணும்" என்றார். அருகில் நின்ற பேரன், இருபது வயதிருக்கும், தலையைத் திருப்பிக்கொண்டான். "உம்மும்மா, நேர்ச்சை அல்லாஹ்வுக்கு மட்டும்தான். ஆண்டவர் எண்டு ஒரு மனுசனைச் சொல்றதே பிழை" என்றான். இந்த வாக்குவாதம் அவர்களுக்குள் அன்று தொடங்கியதன்று என்பது குரலிலேயே தெரிந்தது.

அந்தச் செய்திக் கட்டுரையில் நான் காசைப் பற்றி எழுதவில்லை. எழுத வேறு எவ்வளவோ இருந்தன. ஆயினும், பாக்தாதில் 1166ஆம் ஆண்டில் அடக்கமான ஒரு ஞானியின் பெயர், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மன்னார்க் கடலில் தத்தளித்த ஒரு வள்ளத்தில் உயிர்க்காப்பாக எழுந்தது எப்படி என்ற கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. அதைத் தேடிச் சென்றபோது பாக்தாதுக்கு முன்பாகவே வேறொரு பாரசீக ஞானி எதிர்ப்பட்டார். அவரும் இதே புத்தளத்துக் கரையில்தான் நமக்கு அறிமுகமாகிறார். முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மொரொக்கோ நாட்டுத் தஞ்சையரில் பிறந்த (நம் தஞ்சையோடு குழப்பிக்கொள்ள வேண்டா) இப்னு பதூதா, 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மஅபருக்கு, அதாவது நம் சோழமண்டல, பாண்டிக் கரைக்கு, கப்பலேறினார். மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம். காற்று மாறியதால் ஒன்பது நாள் அலைந்து, இறுதியில் வானத்தில் புகைத்தூண் போல நின்ற ஒரு மலையைக் கண்டனர். அது சரந்தீபின் மலை. அருகிலிருந்த துறை ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது என்றும், அவன் கடலில் கப்பல்களை விட்டுக் கொள்ளையிடுபவன் என்றும் அஞ்சிய மாலுமி இறங்க மறுத்தான். என்னை இறக்கிவிடுங்கள், நான் போய் அபயம் பெற்று வருகிறேன் என்றார் இப்னு பதூதா. தாம் மஅபர் சுல்தானின் சகலர் என்றும், கப்பலிலுள்ளவை அவருக்கான பரிசுகள் என்றும் அவர் கரையில் சொன்னதில் முற்பாதி உண்மை. பிற்பாதியைப் பற்றி அவரே புன்னகைத்திருப்பார்.

அவர் இறங்கிய ஊரைப் 'பத்தாலா' என்று எழுதுகிறார். மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய பட்டினம். கரை நெடுகிலும் ஆறுகள் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் மலை மலையாகக் குவிந்து கிடந்தனவாம். மஅபர்க் கரையாரும் மலபாரிகளும் விலையின்றி அவற்றை எடுத்துச் செல்வர். பதிலாக அரசனுக்குத் துணிமணி கொடுப்பர். பத்தாலா புத்தளமே என்பதை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கின்றனர். நானும் ஏற்கிறேன். திரும்பும் வழியில் கொழும்பிலிருந்து மூன்று நாள் நடந்து பத்தாலாவை அடைந்ததாக அவர் சொல்வது கணக்குக்குப் பொருந்துகிறது. பத்தாலாவிலிருந்து தெற்கே சென்றபோது அவர் தொட்ட 'பந்தர் சலாவாத்' சிலாபம் அன்றி வேறெதுவாக இருக்க முடியும்?

அந்த ஆரியச்சக்கரவர்த்தி யாழ்ப்பாண அரசன். மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று கருதுவோர் உண்டு. பாரசீக மொழி புரிந்தவன். இப்னு பதூதா சென்றபோது அவன் முன்னே முத்துக் குளிப்பில் கிடைத்த முத்துகள் குவிந்திருந்தன, ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். மூன்று நாள் விருந்தோம்பியபின், கூச்சப்படாமல் வேண்டியதைக் கேள் என்றான் அரசன். ஆதத்தின் பாதத்தைத் தரிசிப்பதன்றி எனக்கு இத்தீவில் வேறு ஆசையில்லை என்றார் விருந்தினர். இவ்விடத்தில் அவர் போகிற போக்கில் ஒரு குறிப்பைத் தருகிறார்: இந்நாட்டார் ஆதத்தை 'பாபா' என்றும் ஹவ்வாவை 'மாமா' என்றும் அழைக்கின்றனராம். சிவனொளிபாதமலையை இலங்கை முஸ்லிம்கள் இன்றும் 'பாவா ஆதம் மலை' என்றே சொல்கின்றனர். ஆறரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சொல் மாறாமல் வாயில் தங்கியிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

அரசன் கொடுத்த பரிவாரம் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க அடிமைகளும்; ஆண்டுதோறும் அப்பாதத்துக்கு யாத்திரை போகும் வழக்கமுள்ள யோகிகள் நால்வர்; பிராமணர் மூவர்; அரசனின் ஆட்கள் பதின்மர்; உணவுப் பொருள் சுமக்கப் பதினைவர். சைவ அரசன் ஒருவன், முஸ்லிம் யாத்திரிகன் ஒருவனை, பௌத்தர் நாட்டிலுள்ள மலைக்கு, யோகிகளையும் பிராமணர்களையும் துணைகூட்டி அனுப்புகிறான். கப்பல் மாலுமியோ, ஓராண்டு ஆனாலும் உங்களுக்காகக் காத்திருப்பேன் என்கிறான். முதலில் இறங்கவே மறுத்தவன் அவன்.

இக்காட்சியை நான் பொற்காலச் சித்திரமாக்க விரும்பவில்லை. அதே நூலில், குனக்கார் என்னும் நகருக்கு வெளியே இருந்த ஷெய்கு உஸ்மான் என்ற ஷீராஸ்காரரைப் பற்றி இப்னு பதூதா எழுதுகிறார். பாதமலைக்கு வழிகாட்டியாக இருந்தவர். பசுவைக் கொன்றதற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. அக்குற்றத்துக்குரிய முறையான தண்டனை மரணம். மக்கள் அவரைப் பெரிதும் மதித்தமையால் குறைத்தார்களாம். குறைத்ததோடு நில்லாமல், ஒரு சந்தையின் வருமானத்தையும் அவர் பிழைப்புக்கென எழுதிக் கொடுத்தனர். அரசனும் மக்களும் அவரைச் சென்று வணங்கி வந்தனர். கையை வெட்டியவர்களே காணிக்கையும் கொடுத்தனர். இணக்கமென்றும் பகையென்றும் ஒற்றைச் சொல்லில் அடக்கமுடியாத ஏற்பாடு இது.

இனி நம் ஞானிக்கு வருவோம். சிலாபத்தைத் தாண்டியபின் பாதை கரடுமுரடாகிறது, காட்டில் யானைகள் மலிந்துள்ளன. ஆயினும் அவை யாத்திரிகர்களுக்குத் தீங்கு செய்வதில்லை. காரணம், ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃபின் பரக்கத் என்கிறார் இப்னு பதூதா. பாதமலைக்கு இவ்வழியை முதலில் திறந்தவர் அவரே. முன்பெல்லாம் இந்நாட்டார் முஸ்லிம்களை அவ்வழி போகவிடாமல் துன்புறுத்தினர். அவர்களோடு உண்ணவோ கொடுக்கல் வாங்கல் செய்யவோ மாட்டார்கள். ஒரு நிகழ்ச்சி அதை மாற்றியது.

ஷெய்கு தம் சீடர் முப்பதின்மரோடு மலைக்குப் புறப்பட்டார். வழியில் பசி. ஒரு யானைக் கன்றைப் பிடித்து உண்ண அனுமதி கேட்டனர். அவர் தடுத்தார். பசி மிகுந்தபோது அவர் சொல்லை மீறிக் கன்றைக் கொன்று தின்றனர். ஷெய்கு மட்டும் தொடவில்லை. அன்றிரவு நாற்புறமிருந்தும் யானைகள் திரண்டன. உறங்கியவர் ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கையும் முகர்ந்தன. ஒரு யானை துதிக்கையால் அவரைச் சுற்றி எடுத்து முதுகில் வைத்து, ஊர் இருக்கும் இடத்துக்குச் சுமந்து வந்து, மக்கள் பார்க்க மெல்ல இறக்கிவிட்டுச் சென்றது. அன்று முதல் இந்நாட்டார் முஸ்லிம்களை மதித்து வீட்டுக்குள் அனுமதிக்கின்றனர், மனைவி மக்களையும் அவர்களிடம் நம்பி விடுகின்றனர், அந்த ஞானியை 'பெரிய ஷெய்கு' என்று இன்றளவும் போற்றுகின்றனர் என்று முடிக்கிறார்.

இப்னு கஃபீஃப் கற்பனை மனிதர் அல்லர். ஷீராஸில் வாழ்ந்து 982ஆம் ஆண்டில் மிக முதிர்ந்த வயதில் மறைந்த சூபி. பாக்தாதில் தூக்குக்குக் காத்திருந்த மன்சூர் ஹல்லாஜைச் சிறையில் சென்று கண்டவர். அவருடைய அடக்கத்தலம் ஷீராஸில் உள்ளது. இப்னு பதூதா அங்கும் சென்றவர், அங்கும் இதே யானைக் கதையைச் சொல்பவர். அதாவது இக்கதை இலங்கைக் காட்டுக்கும் பாரசீக நகருக்கும் இடையே இரு முனையிலும் கட்டப்பட்ட கயிறு.

அக்கயிற்றின் நடுவில் இன்னொரு முடிச்சும் உண்டு. மௌலானா ரூமி (மறைவு 1273) தம் மஸ்னவியின் மூன்றாம் பாகத் தொடக்கத்தில் ஏறத்தாழ இதே கதையைச் சொல்கிறார். அங்கே ஷெய்கின் பெயரில்லை. இந்துஸ்தானத்தில் ஓர் அறிஞன் பசித்த நண்பர் கூட்டத்தைக் காண்கிறான். யானைக் கன்றைத் தின்னாதீர் என்று எச்சரிக்கிறான். தின்றவர் வாயை முகர்ந்து தாய் யானை பழிவாங்குகிறது, தின்னாதவன் தப்புகிறான். ஆகவே இது உலவித் திரிந்த பழங்கதை. இந்தியாவென்றும் இலங்கையென்றும் இடம் மாறியது. யானை மட்டும் மாறவில்லை. இப்னு கஃபீஃப் என்ற மனிதர் புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் அப்பால் காட்டில் நடந்தார் என்று நான் நம்பவில்லை. அவர் பெயர் நடந்தது. ஷீராஸிலிருந்து பாதமலைக்கு வந்துபோன வணிகரும் பக்கீர்களும் தங்கள் ஊர்ப் பெரியவரைத் தங்களோடு கொண்டுவந்தனர். கை இழந்த ஷெய்கு உஸ்மானும் ஷீராஸ்காரரே என்பதை மறக்கலாகாது.

கதை போக, பணமும் இவ்வழியே பயணம் செய்தது. இப்னு கஃபீஃபின் நெறியைத் தம் நெறியாகக் கொண்டவர், ஷீராஸுக்கு மேற்கேயுள்ள காஸரூன் நகரின் ஷெய்கு அபூ இஸ்ஹாக். பதினோராம் நூற்றாண்டில் மறைந்தவர். அவர் கடலோடிகளின் காவலரானார். இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஓடும் கப்பல்களில் காற்று மாறினாலோ கொள்ளையர் பயம் வந்தாலோ, ஒவ்வொருவரும் அபூ இஸ்ஹாக்குக்கு இவ்வளவு என்று நேர்ந்து, அதை எழுதி வைப்பர். கப்பல் கரை சேர்ந்ததும் ஷெய்கின் மடத்துப் பணியாளர் ஏறிவந்து, பட்டியலைக் கேட்டு வாங்கி, ஆளுக்கு ஆள் வசூலிப்பர். கோழிக்கோட்டில் ஒரு காஸரூனி, சீனத்து ஸைத்தூன் துறைமுகத்தில் இன்னொரு காஸரூனி இதற்கென்றே இருந்தனர். இருவர் பெயரையும் இப்னு பதூதா தருகிறார்.

இதில் இன்னும் நுட்பமான ஒரு வழக்கம் உண்டு. காஸரூன் மடத்துக்கு ஏழைப் பக்கீர் ஒருவர் உதவி கேட்டு வந்தால், கையில் காசு கொடுப்பதில்லை. அபூ இஸ்ஹாக்குக்கு நேர்ந்துகொண்டவர் எவரோ அவர் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கட்டும் என்று ஓலை எழுதி, ஷெய்கின் வெள்ளி முத்திரையைச் செம்மையில் தோய்த்துப் பதித்துக் கொடுப்பர். பக்கீர் அதைக் கொண்டு துறை துறையாகச் சென்று, நேர்ந்தவரைக் கண்டுபிடித்துப் பணத்தைப் பெற்று, பின்புறத்தில் பற்றெழுதிக் கொடுப்பார். இந்தியச் சுல்தான் ஒருமுறை பத்தாயிரம் தீனார் நேர்ந்ததாகவும், செய்தி எட்டிய காஸரூன் பக்கீர் ஒருவர் இந்தியாவுக்கே வந்து அதைப் பெற்றுப் போனதாகவும் இப்னு பதூதா சொல்கிறார்.

தமிழில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கோயிலிலும் பள்ளியிலும் காணிக்கை போடும் பெட்டியை உண்டியல் என்கிறோம். செட்டிமாரும் மரைக்காயரும் ஊர்விட்டு ஊர் பணம் மாற்றிய சீட்டையும் உண்டியல் என்றனர். வெளிநாட்டுத் தமிழர் வங்கிக்கு வெளியே ஊருக்குப் பணம் அனுப்புவதையும் உண்டியல் என்றே சொல்கிறோம். இரு பொருளையும் தாங்கிய ஒரே சொல்லைக் கையில் வைத்திருக்கும் நமக்கு, காஸரூன் மடத்தின் கணக்கு வழக்கு நொடியில் விளங்கும். ஞானியின் மீதுள்ள நம்பிக்கையே அங்கு நாணயத்தின் மதிப்பு. அது செல்லுபடியான இடமெல்லாம் அவருடைய நாடு.

ஆயினும் காஸரூனியின் பெயரும் இப்னு கஃபீஃபின் பெயரும் நம் கரையில் நிலைக்கவில்லை. இன்று புத்தளத்தில் 'பெரிய ஷெய்கு' யாரென்று கேட்டால் பதில் கிடைக்காது. முகியித்தீன் ஆண்டவர் யாரென்று கேட்டால் குழந்தையும் சொல்லும். பெரிய பள்ளியின் பெயரே முகியித்தீன் ஜும்ஆப் பள்ளி.

அப்துல் காதிர் ஜீலானி, காஸ்பியன் கடலின் தென்கரையிலுள்ள ஜீலானில் பிறந்து, பாக்தாதில் கற்று, அங்கேயே போதித்து, 1166ஆம் ஆண்டில் மறைந்தவர். வாழ்நாளில் அவர் ஹன்பலி மத்ஹபைச் சேர்ந்த கண்டிப்பான மார்க்க அறிஞர், சொல்வன்மை மிக்க பிரசங்கி. அற்புதங்கள் மிகுந்த வரலாறு பின்னால் வந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து ஷத்தனூஃபி எழுதிய 'பஹ்ஜா' என்ற அரபு நூலே அதற்கு ஊற்று. 1344இல் இலங்கைக் காட்டுவழி பற்றி இவ்வளவு எழுதிய இப்னு பதூதா, அவ்விடத்தில் ஜீலானியின் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிந்திய இரண்டரை நூற்றாண்டுக்குள் நிலைமை மாறிவிட்டது. 1607இல் கோழிக்கோட்டுக் காழி முகம்மது 'முஹ்யித்தீன் மாலை'யைப் பாடினார். காலம் தெரிந்த அரபு-மலையாள நூல்களில் அதுவே மூத்தது. அதே நூற்றாண்டில் நம் பக்கத்தில் காயலிலும் கீழக்கரையிலும் வாழ்ந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703), ஜீலானியை விளித்து அரபில் 'குத்பிய்யா'வை இயற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில் 'முகியித்தீன் சதகம்' பாடினார்.

நூல்கள் மட்டும் ஒரு பெயரைக் கடல் கடத்துவதில்லை. ஆட்கள் வேண்டும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காதிரிய்யா நெறியின் அரூஸிய்யாக் கிளையைத் தோற்றுவித்தவர். இலங்கைக்குப் பலமுறை வந்து, ஊர் ஊராகச் சென்று, பள்ளிகளும் மத்ரஸாக்களும் எழக் காரணமானவர். அவரும் அவர் போன்றோரும் அறியப்பட்ட வணிகப் பாதையில் வந்தனர். காயலும் கீழக்கரையும் புத்தளமும் கற்பிட்டியும் அன்று ஒரே தெருவின் வீடுகள் போல இருந்தன. இடையில் இருந்தது கடல் மட்டுமே. ரபீஉல் ஆகிர் மாதப் பிறை தென்பட்டால் பதினொரு நாள் மௌலித் ஓதுவது இரு கரைக்கும் பொதுவான வழக்கமாயிற்று. பெயர்களைப் பாருங்கள்: முகைதீன், காதர், அப்துல் காதர், காதர் முகைதீன். கொட்டில்களில் நான் பார்த்த நிவாரணப் பட்டியல்களில் நான்கைந்து வரிக்கு ஒருமுறை அந்த ஞானியின் பெயர் வந்துகொண்டிருந்தது. அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள் அப்பெயரைத் தாங்கியே நின்றனர்.

பலாங்கொடைக்கு அப்பால் குரகல மலையில் உள்ள குகைத்தலம் 'தப்தர் ஜெய்லானி' எனப்படுகிறது. பாதமலைக்கு வந்த ஜீலானி அங்கே தவமிருந்தார் என்பது நம்பிக்கை. எனக்குத் தோன்றுவது இதுதான்: பாரசீக ஞானி ஒருவர் பாதமலை வழியில் காட்டில் தங்கினார் என்ற பழைய நினைவு இந்நாட்டு முஸ்லிம்களிடையே இருந்தது, இப்னு கஃபீஃபின் பெயர் மங்கியபோது, அந்த வெற்றிடத்தில் பாக்தாத் ஞானியின் பெயர் வந்து அமர்ந்தது. இது என் ஊகம். ஊகமென்றே கொள்ளுங்கள். அதே குரகலவில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடம் அது. இரண்டும் ஒரே பாறையில் நெடுநாள் இருந்தன. பின்னர் இது யாருடைய பாறை என்ற கேள்வி எழுப்பப்பட்டது. 2013இல் தலத்தைச் சேர்ந்த சில கட்டடங்கள் அகற்றப்பட்டன. முந்நூறு ஆண்டுப் பாடல்களாலும் மூவாயிரம் கந்தூரிச் சோற்றுச் சட்டிகளாலும் நிறுவப்பட்ட உரிமை, தொல்பொருள் சட்டத்தின் முன் நிற்பதில்லை. வரலாற்றுச் சான்றை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜீலானி அங்கு வந்தாரென்று யாரும் மெய்ப்பிக்க இயலாது. அதனாலேயே அங்கு போய் அழுதவர்களின் கண்ணீர் பொய்யென்று ஆகிவிடுமா என்பதற்கு என்னிடம் எளிய விடையில்லை.

நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரைப் பற்றி இங்கே விரித்தால் கட்டுரை தடம் மாறும். பதினாறாம் நூற்றாண்டவரான அவர், ஜீலானியின் வழித்தோன்றலென்று போற்றப்படுபவர். அவர் அடங்கியிருப்பது நாகூரில். ஆயினும் பினாங்கில் 1801இலும், சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரையான ஆண்டுகளிலும், சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அவர் பெயரால் தலங்கள் எழுப்பினர். கிழக்கிலங்கையில் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் அவர் பெயரால் கொடியேறுகிறது. ஞானி ஓரிடத்தில், தலம் நான்கிடத்தில்.

புத்தளக் கரையைப் பற்றிப் பேசும்போது முஸ்லிம் ஞானிகளோடு நிறுத்துவது நேர்மையாகாது. இதே கடல் வழியே போர்த்துக்கேயரின் கப்பலில் பதுவை அந்தோனியாரும் வந்தார். லிஸ்பனில் 1195இல் பிறந்து 1231இல் பதுவை நகரருகே மறைந்த பிரான்சிஸ்கன் துறவி. ஜீலானி மறைந்து முப்பது ஆண்டு கழியுமுன் பிறந்தவர், ஏறக்குறைய அடுத்த தலைமுறை. கற்பிட்டி முதல் சிலாபம் வரை மீன்வாடிகளில் அவருக்குச் சிற்றாலயங்கள் உள்ளன. ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கி, கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த காலத்தில், கோவையிலிருந்து, மன்னிக்கவும், கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் இத்தீவில் உழைத்தார். 1690 அளவில் புத்தளத்தில் அவர் இருந்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குக் கத்தோலிக்கர் மட்டுமா போகின்றனர்? கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) முக்குவர் வரலாற்றை எழுதினார். ஒரே முக்குவ குலத்திலிருந்து இக்கரையில் ஒரு சாரார் முஸ்லிம்களாகவும் ஒரு சாரார் கத்தோலிக்கராகவும் ஆயினர். மாமன் மச்சான் ஞானிகளை மாற்றிக்கொண்டாலும் கடலில் பயப்படும் முறை மாறவில்லை.

2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தலத்தில் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு வரிசை நிற்கும் தலம் அது. அதைச் செய்த கும்பலின் தலைவன் ஈராண்டுக்கு முன், 2017இல், காத்தான்குடியில் முதலில் மோதியது கிறிஸ்தவரோடு அன்று, சூபி வழி நின்ற முஸ்லிம்களோடு. அடுத்த மாதம் புத்தளம் மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில், முஸ்லிம் தச்சர் ஒருவர் பழிவாங்கக் கிளம்பிய கூட்டத்தால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கும் அக்கும்பலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இதைச் சொன்னபின் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேர்ச்சை இறைவனுக்கு மட்டுமே என்று வாதிடுவோர் எல்லோரும் குண்டு வைப்பவர்கள் அல்லர். அந்தப் பேரனின் வாதம் பழமையானது, நேர்மையானது. ஞானியர் வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்த இப்னு தைமிய்யாவும் (மறைவு 1328) ஜீலானியைப் போல ஹன்பலியே. ஜீலானியின் 'ஃபுதூஹுல் கைப்' நூலின் பகுதிகளுக்கு மதிப்போடு உரை எழுதியவர். ஜீலானியே எழுந்து வந்தால், தம் பெயரால் காசு முடிவதைக் கண்டு அவர் எப்பக்கம் நிற்பாரென்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆனால் மூழ்கும் வள்ளத்தில் நூலாராய்ச்சி செய்ய எவருக்கு நேரமிருக்கிறது?

புத்தளத்தில் தனக்குக் கிடைத்த முத்துகளையும் மாணிக்கங்களையும் இப்னு பதூதா வீடு கொண்டு சேர்க்கவில்லை. மலபார்க் கரையருகே பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்து, இலங்கை அரசன் கொடுத்த மணிகள் உட்பட அனைத்தையும் பறித்துக்கொண்டு, உடுத்த துணியோடு அவரைக் கரையில் விட்டன. 1355இல் ஃபெஸ் நகரில் அமர்ந்து நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்தபோது, யானைக் கதை அவரிடம் பத்திரமாக இருந்தது.

எருக்கலம்பிட்டி மூதாட்டியின் காசு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பேரன் எடுத்துச் செல்ல மறுத்துவிட்டான். அவருக்கோ நடக்க முடியாத கால்வீக்கம். "நீ போற வழியில போட்டுட்டுப் போ மகன்" என்று என் கையில் திணித்தார். நான் இந்து என்றேன். அதற்கென்ன என்பது போலப் பார்த்தார். பேரனே வழிகாட்ட வந்தான். பள்ளி வாசலுக்குச் சற்றுத் தூரத்தில் நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை, தடுக்கவுமில்லை. வாசலருகே இருந்த உண்டியலில் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே போட்டேன். மறுநாள் கொழும்புக்குத் திரும்புமுன் கொட்டிலுக்குச் சென்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காசு விழுந்த சத்தம் கேட்டதா என்று.

கேட்டது என்றேன்.